கூட்டு ரோட்டில் ஒரு மாவு மில்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தலித்துகளும் தொழில்முனைவும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே முனைவர் பட்ட ஆய்வாளர் என்று போட்டிருப்பதால் அட்டவணை, வரைபடம் எல்லாம் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு மாவு மில்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது என் அக்காவுடைய மில். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கூட்டு ரோட்டில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை, இரண்டு மெஷின், ஒரு தராசு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக் காலையிலும் அவள் அங்கேதான் கடை திறக்க வேண்டும்.

முதலில் பழைய மில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரே மில்தான். ஊர்த்தெருவில் இருந்தது. காலனியிலிருந்து அம்மாவும் நானும் காலை ஏழு மணிக்கே தூக்குச்சட்டியில் அரிசியோடு போய் நிற்போம். எங்கள் சட்டி படிக்குக் கீழே இருக்கும். எட்டு மணிக்கு வந்தவர், ஒன்பது மணிக்கு வந்தவர், எல்லோருடையதும் அரைத்து முடிந்த பிறகுதான் எங்களுடையது மெஷினில் விழும். நாங்கள் லேட்டாக வருவதால்தான் இப்படி என்று நினைத்து, ஒருநாள் அம்மாவை ஆறு மணிக்கே கிளப்பினேன். அன்றைக்கும் பதினோரு மணி ஆனது. திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "நம்மளுது எப்பவும் கடைசி ஈடுதான்டி. நம்ம மாவு அவங்க மாவுல கலந்துடக் கூடாதாம்."

மாவு மில்லுக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெஷினின் மேல்வாயில் தானியத்தைக் கொட்டுகிறோம். உள்ளே சுழலும் தட்டுகளோ சுத்திகளோ அதை நொறுக்குகின்றன. கீழே கட்டியிருக்கும் நீளமான துணிப்பை வழியாக மாவு சூடாக இறங்குகிறது. என்னதான் தட்டினாலும் மெஷினின் வயிற்றிலும் பையின் மடிப்பிலும் ஒரு கைப்பிடி மாவு தங்கிவிடும். அடுத்து வருபவரின் மாவோடு அது இறங்கும். மிளகாய் அரைத்த பிறகு அரிசி போட்டால் மாவு சிவந்துவிடும் என்பதால், நடுவில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டுவார்கள். அதற்கு 'மெஷின் கழுவுறது' என்று அக்கா பெயர் வைத்திருக்கிறாள். ஆக, உங்கள் வீட்டு இடியாப்பத்தில் முன்னால் நின்றவர் வீட்டு அரிசி கொஞ்சம் இருக்கிறது. உங்கள் அரிசி கொஞ்சம் பின்னால் நின்றவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. எந்தச் சமபந்தி போஜனமும் செய்யாத வேலையை ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தினமும் சத்தமாகச் செய்துகொண்டிருக்கிறது. சாதிக்கு இது தெரியும். அதனால்தான் வரிசையை அது தன் கையில் வைத்துக்கொள்கிறது.

வரிசையை மீறினால் என்ன ஆகும்? உத்தரகண்ட் மாநிலம் பாகேஸ்வர் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் ஒரு தலித் தன் கோதுமையை அரைக்க மாவு மில்லுக்குப் போனார். அங்கே வந்த ஆதிக்கச் சாதி ஆள் ஒருவர், மில் தீட்டாகிவிட்டது என்று சாதியைச் சொல்லித் திட்டினார். அவர் திருப்பிக் கேட்டார். கழுத்தை அறுத்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் தூக்குச்சட்டியும் அந்தப் படியும்தான் ஞாபகம் வந்தன. அம்மா பதினோரு மணி வரை பேசாமல் நின்றது பயந்துதான் என்று அதுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

நாற்று நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் களத்தில் அடித்துத் தூற்றி மூட்டை கட்டுவதும் எங்கள் ஆட்கள்தான். நெல்லாக இருக்கும்வரை எங்கள் கை பட்டால் தீட்டில்லை. அரிசியாகவும் பெரும்பாலும் பரவாயில்லை. மாவாகும்போது முணுமுணுப்பு ஆரம்பிக்கிறது. அதில் தண்ணீர் சேர்ந்து அடுப்பில் ஏறிவிட்டால் பெரிய தகராறுதான். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணை இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் கரூர் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் பிள்ளைகளைத் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வயலிலிருந்து வாய்வரைக்கும் ஒரு கோடு போட்டால், தீட்டு எந்த இடத்தில் தொடங்குகிறதோ சரியாக அந்த இடத்தில்தான் என் அக்கா கடை போட்டாள்.

அவள் கொள்கைக்காகப் போடவில்லை. 2020 ஊரடங்கில் மாமா திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தார். இரண்டு பிள்ளைகள், நூறு நாள் வேலை, மகளிர் குழுக் கடன். குழுக் கூட்டத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். அக்கா எனக்குப் போன் போட்டாள். நான் அப்போது கடன் திட்டங்களைப் பற்றித்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பத்தையும் அதுவரை நானே நிரப்பியது கிடையாது.

கணக்கு இதுதான். ஏழரைக் குதிரைத்திறனில் மிளகாய், மல்லிக்கு ஒரு பல்வரைசர், அரிசி, கேழ்வரகுக்கு ஒரு பிளேட் மில், மோட்டார், வயரிங், அட்வான்ஸ், மூன்று மாதச் செலவு எல்லாம் சேர்த்து 4 லட்சம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். கிராமப்புறம் என்றால் மானியம் 35 சதவீதம், அதாவது 1,40,000. மானியம் என்றால் கையில் காசு கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வங்கி 3,80,000 கடன் தரும். மானியத் தொகை அதே வங்கியில் மூன்று ஆண்டுக்கு வைப்பாகக் கிடக்கும். அந்தப் பகுதிக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று ஆண்டு மில் ஓடினால்தான் அது கடனில் கழியும். ஓடாவிட்டால் கழியாது. எங்கள் மாதிரி வீடுகளில் ஒரு தொழில் தோற்பது சேமிப்போடு போவதில்லை, அடுத்த பத்து வருடத்துக்கு வட்டியாக வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

10 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. அக்கா போன வங்கியில் முதல் நாளே கேட்டார்கள், "பட்டா யார் பேர்ல இருக்கு?" பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. அதுவும் வீட்டுமனைப் பட்டா. வேறு நிலம் இல்லை. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலம் எங்கள் பக்கத்தில் யார் கையில் இருக்கிறது என்பது தனிக் கூட்டத்துக்கான பேச்சு. எட்டு மாதம் நடந்தாள். எட்டாவது மாதம் நான் விதியின் நகலை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மேலாளர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். அக்காவின் விண்ணப்பம் அதற்கு அடுத்த வாரம் நகர்ந்தது. இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. தங்கை பிஎச்.டி. படிக்காத அக்காக்கள் என்ன செய்வார்கள்?

கடனைவிடக் கஷ்டம் இடம். காலனியில் வைக்கலாம் என்றால் மும்முனை மின்சாரக் கம்பி ஊர்த்தெருவோடு நின்றிருந்தது. காலனிக்கு இழுக்கக் கம்பமும் கம்பியும் எங்கள் செலவு என்றார்கள். அதைவிட, காலனிக்குள் வைத்தால் ஊரிலிருந்து யார் வருவார்கள்? ஊர்த்தெருவில் காலிக் கடை இருந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "மெஷின் சத்தம் எங்கம்மாவுக்கு ஒத்துக்காதும்மா" என்றார். பிறகு அதே கடையில் வெல்டிங் பட்டறை வந்தது. அவர் அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொண்டிருக்கும்போல.

திட்ட அறிக்கை என்று ஒன்று எழுத வேண்டும் தோழர்களே. மெஷின் விலை, மின்கட்டணம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். 'வாடிக்கையாளர் உங்கள் படியேறுவாரா' என்று ஒரு கட்டம் இருக்காது. மில் எந்தத் தெருவில் என்பது எங்களுக்கு முதல் கேள்வி. அந்த அறிக்கையில் அது வெறும் முகவரி.

கடைசியில் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கூட்டு ரோட்டில் இடம் கிடைத்தது. நான்கு ஊர்ப் பேருந்துகள் நின்று போகும் இடம். டீக்கடை, உரக்கடை, செல்போன் கடை. யார் எந்தத் தெரு என்று உடனே தெரியாது, தெரிந்துகொள்ள ஒருவர் கொஞ்சம் முயற்சி செய்ய வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் கிராமத்தைப் பற்றிப் பேசியதை நாம் எத்தனையோ மேடைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறோம். கிராமத்தைவிட்டு வெளியேறு என்றால் சென்னைக்கோ துபாய்க்கோ போவது என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். மூன்று கிலோமீட்டர் வெளியேறினால்கூடக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்பதை அக்காவிடம்தான் கற்றேன்.

பெயர் வைப்பதில் எங்களுக்குள் சண்டை. 'அம்பேத்கர் மாவு மில்' என்று வைக்க வேண்டும் என்றேன். "உனக்கென்னடி, நீ போர்டை போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுட்டு மெட்ராஸுக்குப் போயிடுவ. தவணை யாரு கட்டுறது?" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். சாதியை மறைத்துச் சம்பாதிப்பது என்ன விடுதலை என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. 'கூட்டு ரோடு மாவு மில்' என்று பெயர்ப்பலகை எழுதினாள். திறப்பு நாளன்று உள்ளே போய்ப் பார்த்தால், மீட்டர் பெட்டிக்கு மேல் அண்ணல் படம் போட்ட நாட்காட்டி தொங்குகிறது. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது, தானியத்தைக் கொட்ட உள்ளே வந்தால் தெரியும். அன்று நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

2022 ஆனி மாதம் திறந்தோம். காலனிப் பெண்கள் முதல் வாரமே வந்தார்கள். நான்கு ஊர்க் காலனிகளிலிருந்தும் வந்தார்கள். வெளியூர்ப் பேருந்துக்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஊர்த்தெருவிலிருந்து வந்தது என்ன தெரியுமா? மாட்டுத்தீவனத்துக்கு மக்காச்சோளம். பிறகு சீயக்காய். மூன்றாவது மாதம் மிளகாய், மல்லி. அரிசி வரவில்லை. ஆடி மாதம் மாவிளக்கு மாவுக்கு ஒருவர்கூட வரவில்லை. அக்கா ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்தத் தானியம், எத்தனை கிலோ என்று எழுதிவைத்திருக்கிறாள், கூலிக் கணக்குக்காக. அந்த நோட்டை நான் ஆய்வேட்டில் சேர்க்கப்போகிறேன். மாடு தின்பது, தலையில் தேய்ப்பது, குழம்பில் கொதிப்பது, அப்புறம்தான் சாமிக்குப் படைப்பது. தீட்டின் படிநிலையை இவ்வளவு தெளிவாக எந்த மானிடவியல் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

இது சட்டப்படி குற்றமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. வியாபாரம் செய்ய மறுப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஒரு அம்மா தூக்குச்சட்டியோடு பேருந்தில் ஏறி, நம் கடையைத் தாண்டி அடுத்த மில்லுக்குப் போனால் யார் மேல் புகார் கொடுப்பது? அது அவர் விருப்பம் என்று முடிந்துவிடும். 1928இல் பம்பாய் மாகாண அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அண்ணல் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை, உரிமை கேட்டால் வேலையை நிறுத்துவார்கள், கடைக்காரர் சாமான் விற்க மாட்டார் என்று ஊர்விலக்கத்தை விவரிக்கிறது. அன்றைக்கு அவர்கள் விற்க மறுத்தார்கள். இன்றைக்கு நாம் விற்கும்போது வாங்க மறுக்கிறார்கள். முன்னதற்காவது கூட்டம் போட வேண்டும், தண்டோரா போட வேண்டும். பின்னதற்குப் பேருந்துச் சீட்டுகூட வேண்டாம், பெண்களுக்குப் பயணம் இலவசம்தான்.

அந்த வருடத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு ஊர்த்தெரு மில்லின் மோட்டார் எரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு. அதிரசம் சுட்டுப் படைக்க வேண்டும். அதற்கு அரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது, புளித்துவிடும். ஊறிய அரிசியோடு அத்தனை பேரும் கூட்டு ரோட்டுக்கு வந்தார்கள். நானும் விடுமுறைக்குப் போயிருந்தேன், தராசில் நின்றேன்.

வரிசையில் காலனிச் சட்டிகளும் ஊர்ச் சட்டிகளும் கலந்திருந்தன. ஒரு பாட்டி வந்தார். அவர்கள் வீட்டில்தான் எங்கள் தாத்தா பண்ணையில் இருந்தார். எங்கள் பாட்டி அந்த வீட்டாரை ஆண்டை என்று கூப்பிட்டவள். "எங்களுத முதல்ல போட்டுடும்மா" என்றார். "வரிசையில வைங்க பாட்டி" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை, மெஷின் சத்தத்தில் உயர்த்தினாலும் கேட்காது. பாட்டி வைத்தார். அவர் முறை வந்தபோது, அதற்கு முன்னால் அரைத்தது காலனிச் சின்னம்மா ஒருவருடைய அரிசி. "கொஞ்சம் கழுவிட்டு எங்களுத போடேன்" என்றார் பாட்டி.

"அரிசிக்கு அப்புறம் அரிசிதான பாட்டி. எதுக்குக் கழுவணும்?"

பாட்டி பேசவில்லை. வரிசை முழுவதும் பேசவில்லை. சின்னம்மா தன் மாவுச் சட்டியை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது. பாகேஸ்வர் ஞாபகம் வந்தது. அக்கா சொன்னாள்: "கழுவணும்னா கழுவுறேன். ஆனா உங்க அரிசியிலதான் கழுவுவேன். அரைக் கிலோ போகும், அந்த மாவு உங்களுக்கு வராது. கூலி அதுக்கும் சேர்த்துத்தான்."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அரைக் கிலோவை எடுத்துக் கொடுத்தார். ஓட்டி வந்த மாவை அக்கா தனியாக எடுத்துவைத்தாள். ராத்திரி அம்மா அதில் கொழுக்கட்டை செய்தார். நான் சாப்பிட மாட்டேன் என்றேன். "நல்ல அரிசிடி, பொன்னி" என்றார் அம்மா.

அடுத்த வருடமும் அந்தப் பாட்டி வந்தார். ஊர்த்தெரு மில் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கழுவச் சொல்லவில்லை. மனம் மாறிவிட்டதா, அரிசி விலை ஏறிவிட்டதா என்று நான் கேட்டதற்கு, "கேக்கலல்ல, விடு" என்றாள் அக்கா. ஆய்வாளருக்கு இது பதிலே இல்லை.

இப்படி ஒரு பாட்டி வந்ததை வைத்துக்கொண்டு, தொழில் தொடங்கினால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. தலித் தொழில் வர்த்தகச் சபை 2005இல் புனேயில் தொடங்கப்பட்டதிலிருந்து 'வேலை கேட்பவராக இருக்காதே, வேலை கொடுப்பவராக மாறு' என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. என் அக்கா யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. அவளும் மாமாவும்தான் உழைக்கிறார்கள். துணியைக் கட்டிக்கொண்டு நின்றாலும் மிளகாய்த் தூளில் இருமுகிறார்கள். முதலாளி என்ற சொல்லைக் கேட்டால் சிரிப்பார்கள். மறுபக்கம், இதெல்லாம் முதலாளித்துவ மாயை என்று ஒதுக்கும் தோழர்களிடமும் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. என் அக்கா மகள் காலை ஏழு மணிக்குப் படிக்குக் கீழே சட்டியோடு நிற்பதில்லை. அது மாயை இல்லை.

நான் கேட்பது வேறு. அரசு மெஷினுக்குக் கடன் கொடுக்கிறது. மாநில அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம் என்று நல்ல திட்டம்தான். ஆனால் வாங்குவது யார்? மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012 முதல் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களிடம் 4 சதவீதம் வாங்க வேண்டும் என்கிறது. அது துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கூப்பிடும் டெண்டர் உலகம். கூட்டு ரோட்டுக்கு அது இறங்கி வரவே வராது. நான் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியில் ஏழு வருடம் சாப்பிட்டவள். அந்தச் சாம்பார்ப் பொடியும் கோதுமை மாவும் எங்கிருந்து வந்தன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒவ்வொரு விடுதியும் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் தலித் பெண்களின் மில்லில் மாவும் தூளும் வாங்கினால், பாட்டி படியேறுகிறாரா இல்லையா என்று என் அக்கா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கன்வாடிகளுக்கும் இதே கேள்வி. சென்ற மாதம் அக்காவும் நானும் பக்கத்து விடுதிக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், விலைப்பட்டியல், மாதிரி மாவு எல்லாம் வைத்து. வாங்கிவைத்துக்கொண்டார்கள், ரசீது கொடுக்கவில்லை. ரசீது வாங்காமல் வந்ததற்கு அக்கா என்னைத் திட்டினாள். அடுத்த வாரம் மறுபடி போகிறோம். இந்த மாவட்டத்துத் தோழர்கள் நான்கைந்து பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும். ஆங்கிலம் பேச வேண்டியதில்லை.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. வெளியே புத்தக மேசைக்குப் பக்கத்தில் என் பை இருக்கிறது. அதில் கேழ்வரகு மாவு பன்னிரண்டு பாக்கெட், சத்துமாவு எட்டு. அரைக் கிலோ கேழ்வரகு மாவு 40 ரூபாய், சத்துமாவு 90. தோழர் என்று சொல்லிக் கடன் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.